பணியும் குடும்பமும்: பெயர் அச்சாகாத உழைப்பு



பெருநகரங்களில் வந்து குடியேறிய நம் குடும்பங்களில், பிள்ளைகளின் வேலை என்றவுடன் நினைவுக்கு வருபவை கணினி, வங்கி, மருத்துவமனை ஆகியவையே. ஆங்கில இலக்கியமோ வரலாறோ பயின்ற மகள், தில்லியை அடுத்த குருகிராமிலோ நொய்டாவிலோ பெரிய புத்தகப் பதிப்பகம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது என்று வந்து சொன்னால் பெற்றோர் திகைக்கின்றனர். "அது அச்சகமா, கடையா? அங்கே நீ என்னதான் செய்வாய்? சம்பளம் எவ்வளவு?" என்று கேட்கின்றனர். இவை கேட்கத் தகுந்த கேள்விகளே. இம்மாதம் அவற்றுக்கு விடை காண முயலுவோம்.

முதலாவது, பதிப்பகம் வேறு, அச்சகம் வேறு. பெரிய பதிப்பகங்களில் பெரும்பாலானவை தாமே அச்சடிப்பதில்லை. எந்த நூலை வெளியிடுவது என்று தீர்மானிப்பதும், அதற்குப் பணம் போடுவதும், அதைச் செம்மையாக்கிக் கடைகளுக்குக் கொண்டு சேர்ப்பதுமே அவற்றின் தொழில். அச்சும் பக்க அமைப்பும் வெளியே கொடுக்கப்படுகின்றன. மேல்நாட்டுப் பதிப்பகங்கள் பலவற்றின் நூல்களுக்குச் சென்னையிலும் புதுச்சேரியிலும் உள்ள நிறுவனங்களில் நம் பிள்ளைகளே பக்கம் அமைக்கின்றனர் என்பதை அநேகர் அறியார்.

ஒரு கையெழுத்துப் பிரதி வந்ததும் பதிப்பாசிரியர் அதைப் படிக்கிறார். பிடித்திருந்தால் மட்டும் போதாது. எத்தனை பிரதிகள் விற்கும், என்ன விலை வைக்கலாம், தாளுக்கும் அச்சுக்கும் எவ்வளவு ஆகும், எழுத்தாளருக்கு முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம் என்று கணக்கிட்டு, விற்பனைப் பிரிவினரும் கூடியிருக்கும் கூட்டத்தில் அந்நூலுக்காக வாதாட வேண்டும். அங்கே ஒப்புதல் கிடைத்த பின்பே ஒப்பந்தம். அதன் பின்னர் மொழிநடையைத் திருத்துவோர், மெய்ப்புப் பார்ப்போர், அட்டை வடிவமைப்போர், தயாரிப்புப் பிரிவினர், விளம்பரப் பிரிவினர் எனப் பலருடைய கைகளைக் கடந்து அது நூலாகிறது. சட்ட வழக்கு வரக்கூடிய வரிகளை வழக்கறிஞரும் பார்ப்பதுண்டு. நூல் வெளிவந்ததும், 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட பொது நூலகங்களுக்கும் பிரதிகள் அனுப்பப்பட வேண்டும்.

புதிதாய்ச் சேருகிற இளையவருக்கு இந்த நீண்ட வரிசையில் எந்த இடம் கிடைக்கும்? பெரும்பாலும் உதவிப் பதிப்பாசிரியர் என்ற இடமே. நாளெல்லாம் அமர்ந்து நல்ல நூல்களைப் படிக்கலாம் என்று எண்ணிச் செல்வோர் முதல் மாதத்திலேயே ஏமாற்றமடைகின்றனர். அலுவலக நேரம் கடிதங்களுக்கும் அட்டவணைகளுக்கும் ஒப்பந்தத் தாள்களுக்கும் போய்விடும். பிரதிகளைப் படிப்பது மாலையிலும் விடுமுறை நாட்களிலுமே. படிப்பவற்றில் பெரும்பான்மைக்கு "இல்லை" என்றே எழுத வேண்டியிருக்கும். ஒருவர் பல ஆண்டுகள் உழைத்து எழுதியதற்குச் சில வரிகளில் மறுப்புச் சொல்லுவது எளிதான காரியமன்று. அந்தச் சில வரிகளிலும் உண்மையும் மரியாதையும் இருக்கும்படி எழுதக் கற்றுக்கொள்பவரே இத்தொழிலில் நிலைக்கிறார்.

ஏற்றுக்கொள்ளப்பட்ட நூலிலும் உழைப்பு மறைவானதே. பெயரின் எழுத்து, ஆண்டு, அதிகாரத்துக்கு அதிகாரம் மாறும் ஒரு சிறு விவரம் ஆகியவற்றை எல்லாம் சந்தேகித்துச் சரிபார்க்க வேண்டும். எழுத்துப் பிழையைக் கணினி சுட்டிக்காட்டுகிறது. ஆனால் "இது உண்மைதானா?" என்று ஆசிரியரிடம் தாழ்மையாய்க் கேட்பது இன்றும் மனிதரின் வேலையே. சரியாகச் செய்தால் ஒருவரும் கவனிப்பதில்லை. ஒரு பிழை தப்பினால் வாசகர் எல்லாரும் காண்கின்றனர். அட்டையில் எழுத்தாளரின் பெயர் இருக்கும், பதிப்பகத்தின் சின்னம் இருக்கும். திருத்தியவரின் பெயர் ஆசிரியரின் நன்றியுரையில் இடம்பெற்றால் அதுவே அவருக்குப் பெரிது.

இலாபமும் நிச்சயமற்றது. விற்காத பிரதிகள் கடைகளிலிருந்து திரும்பி வருவது இத்தொழிலின் வழக்கம். மிகச் சில நூல்களே பல நூல்களின் நஷ்டத்தைச் சுமக்கின்றன. பெங்குவின் ராண்டம் ஹவுஸ் நிறுவனம் சைமன் அண்ட் ஷுஸ்டர் நிறுவனத்தை வாங்க முயன்றபோது, 2022-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் நடந்த விசாரணையில் இது வெளிப்படையாகவே பேசப்பட்டது. எழுத்தாளர்களுக்குக் கிடைக்கும் தொகை குறையக்கூடும் என்ற காரணத்தால் அந்த இணைப்பை அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று நீதிமன்றம் தடுத்தது.

இனிச் சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம். நியூயார்க்கில் ஹார்ப்பர்காலின்ஸ் நிறுவனத்தின் ஊழியர் ஏறக்குறைய 250 பேர் 2022 நவம்பர் 10 அன்று வேலைநிறுத்தம் தொடங்கினர். அப்போது அங்கே குறைந்தபட்ச ஆரம்பச் சம்பளம் ஆண்டுக்கு 45,000 டாலர். அந்த நகரத்தின் வாடகைக்கு அது போதாது என்பது அவர்களுடைய முறையீடு. குளிர்காலத்தில் தெருவில் நின்ற பின்பு, 2023 பிப்ரவரியில் உடன்பாடு ஏற்பட்டது. ஆரம்பச் சம்பளம் உடனே 47,500 டாலராகவும், 2025-க்குள் 50,000 டாலராகவும் உயர வழி பிறந்தது. புத்தகத்தின்மேல் கொண்ட அன்பையே சம்பளமாக எண்ணிக்கொள்ளுங்கள் என்று ஊழியரிடம் சொல்லும் பழக்கத்துக்கு அது ஒரு பதிலாயிற்று. குறைந்த சம்பளம் என்றால், பெற்றோரின் உதவி உள்ளவர்கள் மாத்திரமே நிலைக்க முடியும். அப்படியானால் எந்த நூல் வெளிவர வேண்டும் என்று தீர்மானிக்கும் மேசையில் வாடகை வீட்டுப் பிள்ளைகள் அமர மாட்டார்கள். புலம்பெயர்ந்த குடும்பங்களாகிய நமக்கு இது சிறிய காரியமன்று.

இந்தப் பெரிய நிறுவனங்களின் தொடக்கமும் நாம் அறியத்தக்கதே. பெங்குவின் ராண்டம் ஹவுஸின் உரிமையாளரான பெர்டெல்ஸ்மான், 1835-இல் ஜெர்மனியின் சிற்றூர் ஒன்றில் பக்திப் பாடல்களையும் சமய நூல்களையும் வெளியிடும் சிறிய அச்சகமாய்த் தொடங்கியது. ஹார்ப்பர்காலின்ஸின் ஒரு பாதியான காலின்ஸை 1819-இல் கிளாஸ்கோவில் தொடங்கியவர் வில்லியம் காலின்ஸ் என்ற பிரஸ்பிட்டேரியன் பள்ளி ஆசிரியர். ஆங்கில வேதாகமங்களை வெளியிடும் சான்டர்வன், தாமஸ் நெல்சன் ஆகிய இரண்டும் இன்று அதே ஹார்ப்பர்காலின்ஸின் பிரிவுகள். வேதாகமமும் துப்பறியும் நாவலும் ஒரே நிறுவனத்தின் கணக்கில் வருகின்றன. ஆகவே இவ்வேலையைப் புனிதமானது என்று உயர்த்தவும் வேண்டாம், பயனற்றது என்று தள்ளவும் வேண்டாம். தன் மனச்சாட்சி ஒப்பாத நூல் மேசைக்கு வரும்போது என்ன செய்வது என்பதைப் பிள்ளை முன்கூட்டியே சிந்தித்திருப்பது நல்லது.

பெற்றோரே, வேலைக்கான கடிதம் வந்ததும் பிள்ளையோடு அமர்ந்து சிலவற்றைக் கணக்கிடுங்கள். பிடித்தம் போகக் கையில் வருவது எவ்வளவு? அறை வாடகையும் போக்குவரத்தும் போக மீதி என்ன? இரண்டு ஆண்டுகளில் எந்தப் பொறுப்புக்கு உயரலாம்? யாரிடம் தொழில் கற்கப் போகிறாள்? வீட்டிலிருந்து எவ்வளவு காலம் உதவ முடியும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இவ்வளவும் தெரிந்த பின்பும் அவள் போக விரும்பினால், அரைமனதோடு அல்ல, முழுமனதோடு வழியனுப்புங்கள். அவள் உழைத்த முதல் நூல் வீட்டுக்கு வரும் நாளில், அட்டையில் அவள் பெயரைத் தேட வேண்டாம். எந்தப் பக்கத்தில் என்ன திருத்தினாய் என்று கேளுங்கள். அவளுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.