தடைக்கும் தாராளத்துக்கும் நடுவுல ஒரு படி

பழவேற்காடுன்னு சொன்னா நம்ம பதிவர்கள்ல பாதிப் பேருக்குப் பூநாரை ஞாபகம் வரும், மீதிப் பேருக்கு நண்டு வறுவல் :-) எனக்கு 22ங்கற எண்தான் ஞாபகம் வரும். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்னிக்கு, சுற்றுலா வந்தவங்களை ஏத்திட்டுப் போன மீன்பிடி படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப் போனாங்க.

அதுக்கப்புறம் சவாரிக்குத் தடை. தடையை மீறி சவாரி நடக்குதுன்னு அப்பப்போ பேப்பர்ல செய்தி. போன தடவை போனப்ப ஒரு படகுக்கார அண்ணன்கிட்ட இதைப் பத்திக் கேட்டேன். "தம்பி, வலையில ஒண்ணும் விழாத அன்னிக்கு வீட்டுல உலை வைக்கணும்ல?"ன்னார். எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

இதே சிக்கல் அமெரிக்காவுல ஆகாயத்துல வந்துச்சு. அதை அவங்க எப்படி அவிழ்த்தாங்கன்னு பார்த்தா நமக்கும் ஒரு வழி கிடைக்கும்னு தோணுது.

அங்க 115 கிலோவுக்குள்ள இருக்கற ஒத்தை சீட் குட்டி விமானத்துக்கு லைசென்ஸ், பதிவு எதுவும் வேண்டாம். அதுக்கு மேல போனா முழு பைலட் லைசென்ஸ், மருத்துவச் சான்றிதழ்னு பெரிய செலவு. நடுவுல ஒண்ணும் கிடையாது. அதனால என்னாச்சு? ரெண்டு சீட் வச்ச, எடை கூடின குட்டி விமானங்கள் "பயிற்சிக்கு"ன்னு சொல்லிக்கிட்டு விதிக்கு வெளியில பறந்துச்சு. நம்ம சவாரிப் படகு மாதிரியேதான்.

2004 செப்டம்பர்ல 'ஸ்போர்ட் பைலட்' விதி வந்துச்சு. மொத்த எடை 600 கிலோவுக்குள்ள, ரெண்டு சீட்டு, மடங்காத சக்கரம், மட்டமா பறக்கும்போது வேகம் 120 நாட்டுக்குள்ள. இப்படி அளந்து பார்க்கக்கூடிய வரம்புகள் கொஞ்சம்தான். கார் லைசென்ஸ் இருந்தா தனியா மருத்துவச் சான்றிதழ் வேண்டாம். விதிக்கு வெளியில பறந்துட்டு இருந்த பழைய வண்டிகளுக்கு 2008 ஜனவரி 31 வரை கெடு. அதுக்குள்ள வந்து பதிவு பண்ணிக்கோ, உள்ள வந்துடு. நேத்து வரைக்கும் விதியை மீறினவனுக்கு உள்ள வர ஒரு வாசல் திறந்து வச்சாங்க.

வீட்டுலயே விமானம் செய்யறவங்களும் இந்த வரம்புக்குள்ள அடங்கற மாதிரி வேலையை மாத்திக்கிட்டாங்க. சக்கரத்தை மடங்காததா வச்சாங்க, பறக்கும்போது கோணம் மாத்தற புரொப்பல்லரை விட்டுட்டு சாதாரணமானதைப் போட்டாங்க. இதுல ஒரு கிடுக்கிப்பிடி உண்டு. முதல் சான்றிதழ் வாங்கும்போதே வரம்புக்குள்ள இருக்கணும். அதைத் தாண்டி ஒரு தடவை சான்று வாங்கிட்டா, பின்னாடி என்ன மாத்தினாலும் இந்த விதிக்குள்ள வர முடியாது.

இன்னொரு ஓட்டையும் இருந்துச்சு. வீட்டுல செஞ்ச விமானத்துக்கு அதிகபட்ச எடை எவ்வளவுன்னு எழுதறது செஞ்சவர்தான். கனமான விமானத்தைக் கட்டிட்டு பேப்பர்ல 600ன்னு எழுதிடலாம்! 2025ல விதியைத் திருத்தினப்ப எடை வரம்பையே தூக்கிட்டாங்க. எந்த வேகத்துக்குக் கீழ போனா இறக்கை தூக்கற சக்தியை இழக்குமோ, அந்த வேகத்தைத்தான் இப்ப முக்கியமா பார்க்கறாங்க. அது 59 நாட்டுக்குள்ள இருக்கணும். மெதுவா இறங்க முடிஞ்ச விமானம் மோதினாலும் அடி கம்மி. ஆளைக் கொல்றது எதுவோ அதை அள, மத்ததை விடு. எனக்கு ரொம்பப் பிடிச்ச பாடம் இதுதான்.

இப்ப ஏரிக்கு வருவோம். மீன்பிடி படகுல ஆளைக் கொல்றது எது? வெறும் எடை மட்டும் கிடையாது. 700 கிலோ மீனும் வலையும் படகோட அடியில கிடக்கும், போட்ட இடத்துலயே இருக்கும். 12 பேரை ஏத்துங்க, அதே 700 கிலோதான். ஆனா இந்த எடை உயரத்துல இருக்கு, நகருது. பறவையைப் பார்த்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து ஒரு பக்கம் சாயும். ஈர்ப்பு மையம் மேல ஏறி, பாரமும் ஒரே பக்கம் போனா, மீனுக்கு உழைக்கற நல்ல படகே கவிழ்ந்துடும்.

அப்போ இந்தப் படகை சவாரிக்கு மாத்தறதுக்குன்னு ஒரு நடுப்படி விதி வேணும். என் கணக்குல அஞ்சே அஞ்சு:

1. தாழ்வான, அசையாத பெஞ்சு. எழுந்து நிக்கக் கூடாது.
2. தண்ணி புகுந்தாலும் மிதக்கற மாதிரி நுரை அடைச்ச அறைகள்.
3. ஆள் எண்ணிக்கையைப் பாரம் ஏத்திச் சோதிச்சுப் பார்த்துட்டு படகு மேல எழுதணும். ஓனரே மனசுல போட்டு எழுதக் கூடாது.
4. கரையிலயே லைஃப் ஜாக்கெட் மாட்டணும்.
5. ஏரிக்குள்ள மட்டும். முகத்துவாரம் பக்கம் போகக் கூடாது, இருட்டினா ஓட்டக் கூடாது.

"யாரு கண்காணிக்கறது? அதிகாரி வாரம் ஒரு நாள் வந்தா பெருசு"ன்னு கேப்பீங்க. அமெரிக்காவுல இந்த வகை விமானங்களைத் தயாரிக்கறதுக்கான தரத்தை அரசாங்கம் தனியா உட்கார்ந்து எழுதல, தொழில்ல இருக்கறவங்களும் சேர்ந்து ஒப்புக்கிட்ட தரத்தை ஏத்துக்கிட்டாங்க. பழவேற்காட்டுல அதுக்கு முன்னோடி ஏற்கனவே இருக்கு, 'பாடு' முறை. யார் எந்த இடத்துல எந்த நாள் வலை கட்டணும்னு மீனவர்களே முறை வச்சு, சீட்டுப் போட்டு நடத்தற ஏற்பாடு. சவாரியையும் அப்படி முறை வச்சு ஓட்டினா, இன்னிக்கு யார் முறை, எத்தனை பேரை ஏத்தினான்னு ஊரே பார்த்துக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை அரசாங்கம் படகைச் சோதிச்சா போதும்.

பெஞ்சுக்கும் ஜாக்கெட்டுக்கும் காசு? அதை அரசாங்கம் மானியமா தரணும்கறது என் கருத்து. ஒரு விபத்துக்கு அப்புறம் கொடுக்கற நிவாரணத்தைவிட இது கம்மியாத்தான் வரும்.

நம்ம ஊர்ல நடுப்படி இல்லாததோட விலைக்கு ஆகாயத்துலயும் உதாரணம் இருக்கு. மும்பையில அமோல் யாதவ் தன் வீட்டு மொட்டை மாடியில ஆறு சீட் விமானம் கட்டினார். 2016ல மேக் இன் இந்தியா கண்காட்சியில அதை வச்சாங்க. பதிவு எண் கிடைக்க 2017 ஆச்சு, அதுக்கு வருஷக்கணக்கா அலைஞ்சார். அவர் பொறுமையா காத்திருந்தார். அன்னிக்கு உலை வைக்க வேண்டிய படகுக்காரர் அப்படிக் காத்திருக்க மாட்டார், ஆளை ஏத்திடுவார். அதனாலதான் விதி அவர்கிட்ட சீக்கிரம் போய்ச் சேரணும்.

டிஸ்கி: நான் மெக்கானிக்கல் படிச்சுட்டு கோடு தட்டறவன், படகு கட்டினவன் இல்ல. அஞ்சுல எது தப்பு, எது விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல வந்து கும்முங்க.