ஈய வல்லூறு

1941இல் ஜோன் ஹூஸ்டன் நெறிப்படுத்திய ‘தி மோல்டீஸ் பல்கன்’ என்னும் துப்பறியும் படம் இன்று இறுவட்டாக வீட்டுக்கே வந்துவிட்டது. நாமும் பார்த்தோம், சுவைத்தோம், மறைப்பதற்கில்லை. ஆனால் அதன் நிழலையும் ஒளியையும் மட்டும் வியந்து, ‘அரசியல் கலவாத தூய கலை’ என்போருடன் நாம் உடன்படோம். வல்லூற்றுச் சிலையொன்றின் கறுப்புப் பூச்சினுள்ளே பொன்னும் மணியும் உளவென நம்பி, கதைமாந்தர் ஒருவரையொருவர் வஞ்சிக்கின்றனர், கொலையும் புரிகின்றனர். சுரண்டிப் பார்த்தால் ஈயம்! உடைமை வெறியை எள்ளும் இக்கதையில் அரசியல் இல்லையாம்! மூலநாவலை எழுதிய டஷீல் ஹமெற், முதலாளிகளுக்காகத் தொழிற்சங்கங்களை வேவுபார்த்த பிங்கேட்டன் நிறுவனத்தில் துப்பறிவாளராக ஊழியம் பார்த்தவர். பின்னர் இடதுசாரியானார். கம்யூனிஸ்ட் தலைவர்களுக்குப் பிணை கட்டிய நிதிக்கு உதவியோர் யாரெனக் கூற மறுத்தமைக்காக, 1951இல் அமெரிக்க நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பியது.