இசைக்குழு பக்கம்: ரோஸ்வுட்டா, மகோகனியா?



சில வாரங்களாக ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் இடத்தில் எங்களைப் பார்க்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "ரோஸ்வுட் வாங்கப் போகிறீர்களா, மகோகனி வாங்கப் போகிறீர்களா?" கேட்டவர்கள் எல்லாருக்கும் சேர்த்து இந்த மாதம் பதில் எழுதிவிடுகிறோம்.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு வார்த்தை. நம் ஓய்வுநாள் பள்ளியில் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடல் சொல்லிக்கொடுத்த அங்கிள் ஒருவர் சென்ற ஆண்டு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் நினைவாக ஆன்ட்டி எங்களிடம் 1,500 வெள்ளி கொடுத்தார்கள். "பிள்ளைகளுக்கு ஒரு நல்ல கிட்டார் வாங்குங்கள்" என்று மட்டும் சொன்னார்கள். அன்று தொடங்கியது எங்கள் சண்டை.

கிட்டாரின் முன்பலகை பெரும்பாலும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தில் செய்யப்படுகிறது. கம்பியின் அதிர்வு பிரிட்ஜ் வழியாக அந்தப் பலகைக்குப் போய், அது காற்றை அசைக்கும்போது நமக்குச் சத்தம் கேட்கிறது. ரோஸ்வுட், மகோகனி என்று கடைக்காரர் சொல்வது பின்பலகையையும் பக்கப் பலகைகளையும்தான்.

ரோஸ்வுட் என்பது நம் தாத்தா பாட்டிகள் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொன்ன மரம். நீலகிரி, ஆனைமலை, வயநாடு பக்கத்துக் காடுகளில் வளருகிறது. பழைய வீடுகளில் கட்டிலும் அலமாரியும் கருத்துப் பளபளப்பாக இருந்ததே, அதுதான். முன்பு கிட்டார் செய்கிறவர்கள் பிரேசில் ரோஸ்வுட்டைத்தான் தேடினார்கள். அது கிடைப்பது அரிதானதால், 1960களின் இறுதியில் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் இந்திய ஈட்டிக்கு மாறியது. இன்று கடையில் 'இந்தியன் ரோஸ்வுட்' என்று சீட்டு ஒட்டியிருப்பது இந்த ஈட்டிதான். மகோகனிக்குப் பூர்வீகம் மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவும். ஆனால் அதை நாம் தினமும் பார்க்கிறோம். நம் தீவின் சாலையோரங்களில் நிழலுக்காக நட்ட பெரிய மரங்களில் அதுவும் ஒன்று. மரக்கட்டை போன்ற காய் வெடித்து, இறக்கை வைத்த விதைகள் சுழன்று விழுமே, அதே மரம்.

இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் எடையில். இந்திய ரோஸ்வுட் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 830 கிலோ. மகோகனி சுமார் 590 கிலோ. ரோஸ்வுட் துண்டைத் தொங்கவிட்டு விரலால் தட்டினால் மணி போல ஒலித்துக்கொண்டே இருக்கும். மரிம்பா வாத்தியத்தின் கட்டைகளை ரோஸ்வுட்டில் செய்வது இதனால்தான். மகோகனியைத் தட்டினால் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும்.

ஆகையால் வாசிக்கிறவர்கள் இப்படிச் சொல்வது வழக்கம்: ரோஸ்வுட்டில் கீழ் ஸ்வரங்கள் ஆழமாகவும், மேல் ஸ்வரங்கள் மினுமினுப்பாகவும், ஒலி நெடுநேரம் நிற்பதாகவும் இருக்கும். மகோகனியில் நடு ஸ்வரங்கள் முன்னே வரும். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்கும். ஒலி உலர்ந்து, சட்டென்று நிற்கும். மார்ட்டினின் டி-28 ரோஸ்வுட், டி-18 மகோகனி. அளவும் உருவமும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் இந்த இரண்டையும் வைத்துத்தான் உலகமெங்கும் விவாதம் நடக்கிறது.

எங்கள் குழுவிலும் பாதிப்பேர் ரோஸ்வுட், பாதிப்பேர் மகோகனி. நாங்கள் பார்த்த கடையில் ரோஸ்வுட் கிட்டார் ஏறக்குறைய 1,500 வெள்ளி, மகோகனி 1,100. "ஆண்டவருக்குக் கொடுப்பதில் குறைந்ததை வாங்கலாமா?" என்று ஒரு பக்கம். "விலையை வைத்தா ஆண்டவர் கேட்கிறார்?" என்று மறுபக்கம். வாட்ஸ்அப்பில் இரவு ஒரு மணி வரை இது ஓடியது. ஜெபத்தோடு தொடங்கிய கூட்டம் ஒன்று ஜெபமில்லாமல் கலைந்ததும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

அப்போது எங்களில் ஒருவர் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நடத்தி 2018இல் வெளியான ஓர் ஆய்வைக் கொண்டுவந்தார். ரோஜர் பக்னால் என்னும் கைதேர்ந்த கிட்டார் கலைஞர் ஆறு கிட்டார்களைச் செய்துகொடுத்தார். எல்லாம் ஒரே அமைப்பு. பின்பலகையும் பக்கப் பலகைகளும் மட்டும் ஆறு வேறு மரங்கள். பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மகோகனி மூன்றும் அதில் இருந்தன. 52 கிட்டார் கலைஞர்கள் மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் செய்கிறவர்கள் போடும் கண்ணாடியை அணிந்துகொண்டு, எது எந்த மரம் என்று தெரியாமல் வாசித்து மதிப்பெண் போட்டார்கள். விலையுயர்ந்த மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் மதிப்பெண்ணில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

இது எங்களுக்கு நம்ப முடியாததாக இருந்தது. ஆகவே நாங்களே பார்ப்பது என்று முடிவு செய்தோம். சபையில் ஓர் அண்ணனிடம் ரோஸ்வுட் கிட்டார் வாங்கினோம். இன்னொரு குடும்பத்திடம் மகோகனி. மூன்றாவதாக ஒட்டுப்பலகையில் செய்த ஒரு மலிவான கிட்டாரும் வேண்டும் என்றோம். அது யாரிடம் இருக்கிறது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாரும் முதலில் வாயைத் திறக்கவில்லை.

ஜூன் மாத வாலிபர் ஆராதனைக்கு ஒரு தம்பி தன் கிட்டாரோடு வந்திருந்தான். பயிற்சியின்போது, "இதை மைக்கில் போட வேண்டாம், சத்தம் சரியாக இருக்காது. நீ பக்கத்தில் நின்று பாடு" என்று சொல்லிவிட்டோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கிட்டாரை உறையில் போட்டான், நின்று பாடினான். அதற்குப் பிறகு ஆறு வாரம் பயிற்சிக்கு வரவில்லை. பரீட்சை இருக்கும் என்று நாங்கள் எங்களுக்கே சொல்லிக்கொண்டோம். அவனுடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

எங்களில் இருவர் அவனுடைய வீவக வீட்டுக்குப் போய்க் கிட்டாரைக் கேட்டோம். "எதற்கு?" என்றான். சொன்னோம். கொடுத்தான், தான் வரவில்லை என்றான். வாங்கிப் பார்த்தபோதுதான் கவனித்தோம்: கம்பிகள் துருப்பிடித்திருந்தன. ஈரப்பதத்தில் முன்பலகை உப்பி, கம்பி கழுத்திலிருந்து வெகு உயரத்தில் நின்றது. விரல் வலிக்க வலிக்க அழுத்தினால்தான் சுருதி வரும். ஜூன் மாதம் நாங்கள் கேட்ட மோசமான சத்தம் மரத்தின் சத்தமே அல்ல. பிரிட்ஜில் இருக்கும் சேடிலைத் தேய்த்து உயரத்தைக் குறைத்தோம். மூன்று கிட்டாருக்கும் ஒரே வகைப் புதுக் கம்பி போட்டோம்.

கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு வைத்திருக்கும் தட்டிக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து, ஒரு பாமாலையையும் ஒரு கீர்த்தனையையும் மூன்று கிட்டாரிலும் வாசித்தார். நடு வரிசையிலும் கடைசி வரிசையிலும் 12 பேர் உட்கார்ந்து எது ரோஸ்வுட் என்று எழுதிக்கொடுத்தோம். சரியாகச் சொன்னவர்கள் 5 பேர். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்திருந்தாலே மூன்றில் ஒரு பங்கு, அதாவது 4 பேர் சரியாகச் சொல்லியிருப்போம். மகோகனியை ரோஸ்வுட் என்றவர்கள் 4 பேர். மீதி 3 பேர் ரோஸ்வுட் என்று எழுதியது அந்தத் தம்பியின் கிட்டாரை. அந்த மூவரில் ஒருவர்தான் ஜூன் மாதம் "மைக்கில் போட வேண்டாம்" என்று சொன்னவர்.

வாசித்தவர் மட்டும், தன் கைக்கு ரோஸ்வுட்டின் கீழ்க்கம்பிகள் கனமாகத் தெரிந்தன என்றார். அவர் கண்ணைக் கட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் மரத்தால் ஒன்றுமே இல்லையா? அப்படி நாங்கள் சொல்லவில்லை. வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒரே ஒரு கிட்டாரோடு பாடும்போது ரோஸ்வுட்டின் ஆழம் அறையை நிரப்பும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வதை நாங்கள் தள்ளவில்லை. ஆனால் ஆலயத்தில் கீபோர்டின் இடது கையும் பேஸ் கிட்டாரும் ஏற்கெனவே கீழே நிற்கின்றன. அங்கே நடுவில் தெளிவாக நிற்கும் சத்தமே உதவும். மேலும், பின்பலகை வாசிக்கிறவரின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு பாதி அடங்கிவிடுகிறது. பிக்கப் வழியாக ஸ்பீக்கருக்குப் போகும்போது இன்னும் குறைந்துவிடுகிறது. எங்கள் கணக்கில் வரிசை இப்படி: முதலில் வாசிக்கிற கை, பிறகு கம்பி, பிறகு கம்பியின் உயரமும் முன்பலகையும், கடைசியில்தான் பின்பலகை.

கிட்டார் வாங்க நினைக்கும் பெற்றோருக்கு: முன்பலகை ஒட்டுப்பலகையா முழுப்பலகையா என்று கேளுங்கள், அது முக்கியம். பிள்ளையின் விரல் எட்டுகிறதா என்று பாருங்கள். நம் ஊரின் ஈரப்பதம் வெளியே 80 விழுக்காட்டைத் தொடும். கிட்டாருக்கு 45 முதல் 55 நல்லது. சுவரில் மாட்டி அழகு பார்க்காமல் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கம்பியை மாற்றுங்கள்.

முடிவை ஆன்ட்டியிடம் சொல்லப் போனோம். இரண்டு மரத்தையும் பற்றி விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இதில் எதைச் சின்னப் பிள்ளைகள் தொடலாம்?" என்றார்கள். எங்களுக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் ரோஸ்வுட் வாங்கினால் அதைப் பூட்டி வைப்பது, சாவி யாரிடம் இருப்பது என்பதுவரை நாங்கள் பேசி முடித்திருந்தோம். "அங்கிள் தன் கிட்டாரை யாருக்கும் மறுத்ததில்லை. இரண்டு முறை கீழே போட்டு உடைத்திருக்கிறார்கள்" என்றார்கள்.

மகோகனியை வாங்கினோம். அது ஓய்வுநாள் பள்ளி அறையில், பூட்டில்லாத பெட்டியில் இருக்கும். கையைக் கழுவிவிட்டு யாரும் எடுக்கலாம். மீதி 400 வெள்ளியில், சபையில் பிள்ளைகள் வைத்திருக்கும் பழைய கிட்டார்களுக்கெல்லாம் புதுக் கம்பி போட்டு, சேடிலைச் சரிசெய்து கொடுக்கிறோம். ஆன்ட்டிக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

தம்பியிடம் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தபோது மன்னிப்புக் கேட்டோம். 3 பேர் எழுதிய சீட்டையும் காட்டினோம். அதைப் பார்த்துச் சிரித்தான். இரண்டு வாரமாகப் பயிற்சிக்கு வருகிறான். இன்னும் அதிகம் பேசுவதில்லை. அவனுடைய கிட்டார் இப்போது மைக்கில் போகிறது.

1 இராஜாக்கள் 10ஆம் அதிகாரத்தில், ஓப்பீரிலிருந்து வந்த வாசனை மரங்களால் சாலொமோன் ராஜா ஆலயத்துக்கு ஊன்றுகால்களையும், பாடுகிறவர்களுக்குச் சுரமண்டலங்களையும் செய்தான் என்று வாசிக்கிறோம். நல்ல மரத்தைத் தேடுவது தவறல்ல. ஆனால் சவுலுக்கு முன்பாகத் தாவீது வாசித்த சுரமண்டலம் என்ன மரம் என்று 1 சாமுவேல் 16ஆம் அதிகாரம் சொல்லவில்லை. அவன் கையால் வாசித்தான் என்று சொல்லுகிறது. இரண்டு பகுதிகளையும் இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் சேர்ந்து வாசியுங்கள்.

சிந்திக்க ஒரு கேள்வி: நம் குழுவில், நம் வகுப்பில், "உன்னுடையது சரியாக இருக்காது" என்று நாம் யாரையாவது ஓரமாக நிறுத்தியிருக்கிறோமா?

பழைய கிட்டார் வைத்திருப்பவர்கள் ஆராதனைக்குப் பின் எங்களிடம் கொண்டுவாருங்கள். அடுத்த மாதம் கேஹோன் பெட்டியில் பாமாலைக்குத் தாளம் போடுவது பற்றி எழுதுகிறோம். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.