பறக்க முடிந்தால்தான் தப்பிக்கும்

புயல் எச்சரிக்கை வந்ததும் பழவேற்காடு குப்பங்களில் என்ன நடக்கும்னு மீஞ்சூர், பொன்னேரி பக்கத்திலிருந்து வர்ற நம்ம பசங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோவார்கள். வலையைச் சுருட்டி வைப்பார்கள். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஃபைபர் படகைத் தள்ளி, அலை எட்டாத மேட்டில் ஏற்றிக் கட்டுவார்கள். படகுக்கு இருக்கிற வழி அவ்வளவுதான். அதனால் ஊரைவிட்டு ஓட முடியாது.

விமானத்தால் முடியும். புயல் வர்றதுக்கு முன்னாடியே கிளம்பி, ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் இறங்கிக்கொள்ளலாம். அப்படி இருந்தும், உலகத்திலேயே விலை அதிகமான போர் விமானங்கள் சில புயலில் மாட்டியிருக்கின்றன. ஏன்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புயலிலிருந்து ராணுவ விமானத்தைக் காப்பாற்றுவது ஹேங்கரின் பலம் இல்லை, பராமரிப்பு அட்டவணைதான். புயலன்று பறக்கும் நிலையில் இருக்கிற விமானம் தப்பிக்கும். பிரித்துப்போட்ட விமானம் மாட்டும். இது விமானப்படையின் சொந்தப் பிரச்சினை மட்டும் இல்லை. புயல் ஓய்ந்த மறுநாள் பழவேற்காட்டுக்கு மேலே ஹெலிகாப்டர் வருமா வராதா என்பதும் இதில்தான் இருக்கிறது.

முதலில் அமெரிக்கக் கதை. 2018 அக்டோபர் 10-ஆம் தேதி மைக்கேல் புயல் ஃபுளோரிடாவில் கரையேறியது. காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 260 கி.மீ. டிண்டால் என்ற விமானப்படைத் தளம் நேராக அதன் பாதையில் இருந்தது. அங்கே இருந்தவை சுமார் 55 எஃப்-22 போர் விமானங்கள். இந்த விமானத்தின் உற்பத்தி வரிசை 2011 டிசம்பரோடு முடிந்துவிட்டது. விமானப்படைக்குக் கிடைத்தது மொத்தமே 187. ஒன்று போனால் இன்னொன்று வாங்க வழியில்லை.

புயல் வருவது தெரிந்ததும் பெரும்பாலான விமானங்கள் வடக்கே ஒஹாயோவுக்குப் பறந்துவிட்டன. ஆனால் 17 விமானங்கள் தளத்திலேயே நின்றுவிட்டதாக அப்போது செய்திகள் வந்தன. பைலட் இல்லாமல் இல்லை, எரிபொருள் இல்லாமல் இல்லை. அவை பழுதுபார்ப்பில் இருந்தன, பறக்கும் நிலையில் இல்லை. அந்தக் காலத்தில் எஃப்-22 வகையில் எந்த நாளிலும் பாதிக்குக் கொஞ்சம் முன்பின்தான் பணிக்குத் தயாராக இருந்தது. மீதியை ஹேங்கருக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். புயல் ஹேங்கர்களின் கூரையைக் கிழித்தது. நல்லவேளையாக, உள்ளே இருந்த விமானங்களின் சேதம் பயந்த அளவுக்கு இல்லை, சரிசெய்துவிடலாம் என்று பிறகு அறிவித்தார்கள். தப்பித்தது அதிர்ஷ்டத்தில். அதைத் திட்டம் என்று சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம். மைக்கேல் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக உருவானது அக்டோபர் 7. மூன்றே நாளில் உச்சவகைப் புயலாகக் கரையைத் தொட்டது. மூன்று நாளில் பிரித்த எஞ்சினை மாட்டி, சோதனை ஓட்டம் முடித்து, விமானத்தை மேலே அனுப்ப முடியாது. அதாவது, எத்தனை விமானம் மாட்டும் என்பது புயல் உருவாகும் முன்பே முடிவாகிவிட்டது.

அமெரிக்கா பணக்கார நாடு, அதனால் தாங்கிக்கொண்டது என்று சொல்லலாம். நம்ம வங்காள விரிகுடாவிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 1991 ஏப்ரல் 29 இரவு வங்கதேசத்தின் சிட்டகாங் கரையைப் புயல் தாக்கியது. கடல் சுமார் 6 மீட்டர் உயரத்துக்கு எழுந்து உள்ளே வந்தது. இறந்தவர்கள் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல். கடலோரத்தில் இருந்த பதெங்கா விமானத் தளத்திலேயே நின்ற போர் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் டஜன் கணக்கில் சேதமாகின. காற்றைவிட உப்புத் தண்ணீர் மோசம். மின் இணைப்புகளுக்குள்ளும் எஞ்சினுக்குள்ளும் புகுந்துவிட்டால், வெளியே பார்க்க நல்லா இருக்கிற விமானம்கூட நம்பிப் பறக்க லாயக்கில்லாமல் போய்விடும்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். தீவுகளில் மக்கள் சோறு தண்ணீர் இல்லாமல் மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நிவாரணம் கொண்டுபோக வேண்டிய ஹெலிகாப்டர்களும் புயலில் அடிபட்டுக் கிடந்தன. வளைகுடாப் போர் முடிந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த அமெரிக்கப் படைகள் வந்துதான் பெரிய அளவில் உதவி பறந்தது. புயலில் ஒரு விமானத்தை இழப்பது என்றால், கூடவே மறுநாள் காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர்களையும் இழப்பது.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். சென்னையைச் சுற்றித் தாம்பரத்தில் விமானப்படைத் தளம், மீனம்பாக்கத்தில் கடலோரக் காவல்படையின் விமான நிலையம், அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையத்தில் தண்ணீர் ஏறிச் சில நாட்கள் மூடிக்கிடந்தபோது, பயணிகள் விமானங்கள் ராஜாளியின் ஓடுபாதையில் இறங்கின. 2017-இல் ஒக்கி வந்தபோது கன்னியாகுமரி மீனவர்களைத் தேடிக் கடலுக்கு மேலே பறந்தவை டோர்னியர்களும் ராஜாளியின் பி-8ஐ விமானங்களும்தான். ஒக்கி நவம்பர் 29-ஆம் தேதி தாழ்வு மண்டலமாக இருந்தது, 30-ஆம் தேதி புயலாகிவிட்டது. மீனவர்களுக்குக் கிடைத்த அவகாசம் எவ்வளவு குறைவு என்று எல்லோருக்கும் தெரியும். அப்படி ஒரு புயல் கன்னியாகுமரிக்குப் பதிலாக விமானத் தளத்தை நோக்கித் திரும்பினால், தளத்துக்கும் அதே அவகாசம்தான்.

இந்திய வானிலைத் துறை நான்கு கட்டமாக எச்சரிக்கை தருகிறது. முதல் கட்டம் 72 மணி நேரத்துக்கு முன். பிறகு 48, 24, 12. கேட்க நிறைய நேரம் மாதிரி தெரியும். ஆனால் கரையைக் கடக்கும் நேரம் வரை ஓடுபாதை திறந்திருக்காது. பக்கக் காற்று ஒரு அளவைத் தாண்டினால் விமானம் மேலே ஏறக்கூடாது. மழை மேகம் முன்கூட்டியே வந்துவிடும். கையில் உண்மையாக இருக்கிற நேரம் ஒன்றரை இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

எங்கே போவது என்பதும் ஒரு கணக்கு. வங்கக் கடல் புயல்கள் பெரும்பாலும் மேற்கு, வடமேற்கு திசையில் நகரும். அதே திசையில் உள்நாட்டுக்குள் ஓடினால் புயல் பின்னாலேயே வரும். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா சென்னையைக் கடந்து மேற்கே போனது. அரக்கோணம் கடலிலிருந்து நேர்கோட்டில் 70 கி.மீ.க்குள்தான். கோவை பக்கம் சூலூர் மாதிரி, பாதைக்குக் குறுக்கே விலகிப் போவது நல்லது. சென்னையிலிருந்து டோர்னியருக்கு ஒன்றரை மணி நேரப் பயணம்கூட இல்லை. புயல் ஓய்ந்ததும் அதே தூரம் திரும்பி வரலாம்.

“அப்போ ஹேங்கரே வேண்டாமா?” என்று நம்ம சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஹேங்கர் வேண்டும். எப்போதும் ஒன்றிரண்டு விமானம் பறக்க முடியாமல் நிற்கத்தான் செய்யும். வெளியே நிறுத்தவும் முடியாது. இறக்கை என்பதே காற்றில் மேலே தூக்குவதற்காகச் செய்தது. செஸ்னா 172 மாதிரி ஒரு சின்னப் பயிற்சி விமானம் மணிக்குச் சுமார் 100 கி.மீ. வேகத்தில் தரையை விட்டு எழும்பும். வர்தாவின் காற்று அதைவிட வேகம். கயிறு போட்டுக் கட்டாவிட்டால், நின்ற இடத்திலேயே விமானம் பறக்கப் பார்க்கும்.

ஹேங்கரை எந்தக் கணக்கில் கட்டுகிறோம் என்பதுதான் கேள்வி. ஐ.எஸ். 875 மூன்றாம் பாகத்தில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. காற்றழுத்தம் 0.6 பெருக்கல் வேகத்தின் வர்க்கம். சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன் வரும். 2015 திருத்தத்தில் கிழக்குக் கடற்கரையின் 60 கி.மீ. பட்டைக்குக் கே4 என்ற காரணி வந்தது. சாதாரணக் கட்டடத்துக்கு 1.0, தொழிற்கூடங்களுக்கு 1.15, புயலுக்குப் பிறகு அவசியம் தேவைப்படும் கட்டடங்களுக்கு, அதாவது புயல் காப்பகம், மருத்துவமனை போன்றவற்றுக்கு, 1.30. வேகத்தை 1.3 ஆல் பெருக்கினால் அழுத்தம் 1.69 மடங்கு ஆகும். 1500 என்பது 2535 நியூட்டன் ஆகிவிடும்.

மீட்பு ஹெலிகாப்டர் நிற்கிற ஹேங்கர் இதில் எந்த வகை? பார்த்தால் பெரிய தொழிற்கூடக் கொட்டகை மாதிரிதான் இருக்கும். ஆனால் செய்கிற வேலை மருத்துவமனையின் வேலை. 1.30-க்குக் குறைவாக அதைக் கட்டக்கூடாது என்பது என் வாதம். 2014 அக்டோபர் 12-ஆம் தேதி ஹூத்ஹூத் விசாகப்பட்டினத்தைச் சுமார் 180 கி.மீ. வேகத்தில் தாக்கியது. அங்கே பயணிகள் விமான நிலையமும் கடற்படையின் ஐ.என்.எஸ். டேகாவும் ஒரே ஓடுபாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. முனையக் கட்டடத்தின் கூரை பிய்ந்து, சில நாட்கள் விமானப் போக்குவரத்தே இல்லை. விசாகப்பட்டினத்துக்கும் அதே 50 மீட்டர் கணக்குதான். அடிப்படை வேகம் ஏட்டில் மட்டும் இருக்கிற எண் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஹேங்கரில் இன்னொரு பலவீனம் கதவு. அவ்வளவு அகலமான கதவு வேறெந்தக் கட்டடத்திலும் இல்லை. கதவு வளைந்து காற்று உள்ளே புகுந்தால், உள்ளேயிருந்து கூரையை மேலே தள்ளும். வெளியே ஓடுகிற காற்று அதே கூரையை மேலே உறிஞ்சும். இரண்டும் சேர்ந்தால் கூரை போகும், பிறகு அதன் துண்டுகள் விமானத்தின் மேலேயே விழும். டிண்டாலில் இப்போது புது ஹேங்கர்களை மணிக்கு 265 கி.மீ. காற்றைத் தாங்கும்படி வடிவமைக்கிறார்கள். தளத்தை மீட்டெடுக்க ஆகும் செலவு சுமார் 500 கோடி டாலர். முன்கூட்டியே செய்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது.

எவ்வளவு செலவு செய்தாலும் ஹேங்கர் இரண்டாவது காப்புதான். முதல் காப்பு காலண்டர். கிழக்குக் கரையில் புயல் எப்போது வரும் என்று தெரியும். பெரும்பாலும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, இல்லையென்றால் மே வாக்கில். இந்த மாதங்களில் பெரிய பழுதுபார்ப்புக்காக விமானத்தைப் பிரிக்கும் வேலை கடலோரத் தளங்களில் நடக்கக்கூடாது. பறந்த மணிக்கணக்குப்படி அந்தச் சமயத்தில்தான் முறை வருகிறது என்றால், விமானம் முன்னதாகவே பறந்து உள்நாட்டுத் தளத்துக்குப் போய் அங்கே பிரிபடட்டும்.

இது புதுசு இல்லை. காசிமேட்டில் விசைப்படகு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த நாட்களில்தான் படகு கரையேறும், பலகை மாறும், எஞ்சின் பிரிபடும், பெயிண்ட் ஏறும். ஐப்பசியில் யாரும் எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. மீன்வளத்துக்காகப் போட்ட தடையை, பராமரிப்புப் பருவமாகவும் ஆக்கிக்கொண்டார்கள். ஒரு கடலோர விமானத் தளத்துக்கும் அப்படி ஒரு பருவம் வேண்டும்.

இதற்கு மறுப்பு உண்டு. எதிரி காலண்டர் பார்த்து வரமாட்டான், ராணுவத் தயார்நிலை எல்லா மாதமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பார்கள். நியாயம்தான். ஆனால் நான் கேட்பது வேலையைக் குறைக்க இல்லை, வேலை நடக்கும் இடத்தை மாற்ற. உள்நாட்டில் பிரித்த விமானமும் கடலோரத்தில் பிரித்த விமானமும் போருக்கு ஒன்றுதான், இரண்டும் பறக்காது. புயலுக்கு மட்டும் ஒன்றல்ல.

இன்னொரு மறுப்பு குப்பங்களிலிருந்து வரும், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. “எங்க படகு உடைஞ்சா நிவாரணத்துக்கு மாசக்கணக்கா அலையறோம். கோடி ரூபாய் விமானத்தைப் பத்தி நாங்க ஏன் கவலைப்படணும்?” அந்தக் கோபத்தில் தப்பு இல்லை. படகுக்கு உயரமான நிறுத்துமிடமும், இழப்பீடு சீக்கிரம் கிடைக்க வழியும் கண்டிப்பாக வேண்டும். ஆனால் விமானத்தை அவர்கள் கணக்கில் சேர்க்காமல் விட முடியாது. பழவேற்காட்டின் சில குப்பங்களுக்கு ஏரி ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். சாலையில் தண்ணீர் ஏறிவிட்டால் வானம்தான் மிச்ச வழி. கடலில் மாட்டியவர்களைத் தேடவும் அதே வானம்தான்.

நாம் செய்யக்கூடியது என்ன? ஏரோநாட்டிக்கல், சிவில், மெக்கானிக்கல் மாணவர்கள் ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி அலைகிறோம். பெரிய ஹேங்கர் கதவின் காற்றுத் தாங்குதிறன், 48 மணி நேரத்தில் ஒரு தளத்தைக் காலிசெய்யும் அட்டவணை, பருவம் பார்த்துப் பழுதுபார்ப்பை மாற்றும் திட்டம் என்று மூன்று தலைப்பு இங்கேயே கிடக்கிறது. மூன்றுக்கும் ரகசியத் தகவல் எதுவும் தேவையில்லை. நம்ம பாடப்புத்தகமும் ஐ.எஸ். 875-உம் போதும். ஒக்டோபர் பிறந்து மழை தொடங்கும் முன் யாராவது ஒரு டீம் இதை எடுத்தால், அடுத்த இதழில் அவர்கள் கணக்கைப் போடலாம்.