பெட்டி நமது, சாவி யாருடையது?

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை வழியே இணையத்தைக் கொண்டு செல்லும் பாரத்நெட் திட்டத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், கம்பியின் நீளமும் செலவிட்ட கோடிகளுமே பிரஸ்தாபிக்கப்படுகின்றன. 2011-ல் மத்திய சர்க்கார் இதற்கு அனுமதி அளித்த காலந்தொட்டு இதே கதைதான். தர்மபுரி ஜில்லா கடத்தூர் ஒன்றியத்து ஊராட்சிகளும் இத்திட்டத்தில் அடங்கியவையே. அக்கம்பி போய்ச் சேரும் பெட்டிக்குள் நுழையும் அதிகாரம் யாருக்கு என்பதே நாம் கேட்கும் கேள்வி.

விஷயத்தைச் சற்று விளக்குவோம். ஒவ்வொரு ரௌட்டரிலும் கன்ஸோல் என்னும் சிறு வாயில் ஒன்று உண்டு. பழுது பார்க்க வருபவர் அதில் தமது மடிக்கணினியைக் கம்பியால் பிணைக்கிறார். திரையில் படமில்லை, பொத்தானில்லை, வெறும் எழுத்துக்களே. முதலில் பெயர் கேட்கும், பிறகு கடவுச்சொல். இரண்டும் பொருந்தினால் கட்டளைக்குக் காத்து நிற்கும். ஒரே சட்டத்தில் பல மாட்யூல்கள் செருகிய பெரிய யந்திரமாயின், தலைமைப் பலகையில் புகுந்தவர் அங்கிருந்தே மற்ற மாட்யூல்களுள் புகலாம். சில மாட்யூல்கள் தனிக் கடவுச்சொல் கேட்பதுமுண்டு. நிர்வாகிக்குரிய உள்வாயிலையும் கடந்துவிட்டாலோ, பாதையை அடைக்கலாம், போக்குவரத்தைத் திருப்பலாம், பிறர் எவரும் நுழையாதபடி சொல்லையே மாற்றிவிடலாம்.

இது வீண் பயமன்று. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். சந்தாதாரர் வீடுகளில் ஏறக்குறைய 60,000 மோடம்கள் பிரிக்கர்பாட் என்னும் நச்சு நிரலால் செயலிழந்தன. தொழிற்சாலையில் இட்ட ‘அட்மின்’ என்ற பெயரும் ‘அட்மின்’ என்ற கடவுச்சொல்லும் மாற்றப்படாமலே கிடந்தன. திருடனுக்குப் பூட்டை உடைக்கும் சிரமங்கூட இருக்கவில்லை. கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்ற உபதேசம் பிறகு வந்தது! பிரிட்டனிலோ, எவரும் ஊகிக்கத்தக்க பொதுச்சொல்லுடன் இத்தகைய வீட்டுச் சாதனங்களை விற்பது 2024 ஏப்ரல் 29 முதல் சட்ட விரோதம்.

சாவி ஊரெல்லாம் கிடப்பது ஒரு கேடு என்றால், ஒருவர் மடியிலேயே முடிந்து கிடப்பது மற்றொரு கேடு. 2008-ல் ஸான்பிரான்ஸிஸ்கோ நகர வலையமைப்பின் கடவுச்சொற்கள் ஒரே பொறியாளரிடம் இருந்தன. மேலதிகாரிகளுக்கு அவர் சொல்ல மறுத்தார், சிறை சென்றார், ஒரு வாரத்துக்கு மேல் கழித்தே நகர மேயரிடம் நேரில் கொடுத்தார். தாம் கட்டியதைத் தகுதியற்றோர் கெடுப்பர் என்று அஞ்சியவரே அவர் என வாதிட்டோரும் உண்டு. இருக்கட்டும், ஒரு நகரம் தன் வீட்டு வாசலிலேயே காத்து நிற்க நேர்ந்தது.

நமது கஜானாவுக்கு இரட்டைப் பூட்டு உண்டு. பொறுப்பு மாறும்போது சாவி கையொப்பத்துடன் கைமாறுகிறது. அம்முறை இப்பெட்டிகளுக்கு ஏன் ஆகாது? நம்பத்தகுந்த இடத்திலிருந்தே சாதனம் வாங்குக என்று தொலைத்தொடர்புக் கம்பெனிகளுக்கு 2021 ஜூன் 15 முதல் விதி இருக்கிறது. நல்லதே, ஆயினும் பெட்டி எங்கிருந்து வந்தது என்பதே அதன் முதற்கவலை. ஒப்பந்தக்காரர் வேலை முடித்துப் போகும் அன்றே சொல் மாற வேண்டும். மாற்றிய சொல்லின் பிரதி முத்திரையிட்டு ஜில்லா கஜானாவில் இருக்க வேண்டும். நுழைந்தவர் யார், எப்பொழுது என்பதற்குப் பதிவு வேண்டும். கடத்தூர்ப் பக்கத்து இளைஞர் சிலருக்கேனும் இவ்வித்தையைக் கற்பிக்க வேண்டும். கிராமத்தானுக்கு இதெல்லாம் விளங்காது என்பார் சிலர். நமக்கு ஆளத் தெரியாது என்று வெள்ளையன் சொன்னதும் இதே வாய்பாடுதான்.

அக்டோபர் 2-ந் தேதி கூடும் கிராம சபையில் நமது ஊழியர்கள் இரண்டே கேள்விகள் கேட்கட்டும். கடவுச்சொல் என்னவென்று கேட்க வேண்டாம். அது கடைசியாக மாற்றப்பட்ட தேதி எது, மாற்றியவர் யார் என்று கேட்டு, விடையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்யட்டும்.