பெட்டி நமது, சாவி யாரிடம்?

‘பங்கு’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் வாசகர்களுக்குக் கோயிலும், மணியோசையும், பங்குப் பேரவைக் கூட்டங்களும் நினைவுக்கு வருவதே இயல்பு. ஆதலால், சில திங்களுக்கு முன் ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்த நம்மிடம் இளைஞன் ஒருவன் வந்து, “ஃபாதர், பங்கு வாங்கலாம்னு இருக்கேன். எதுல சேர்றது நல்லது?” என்று கேட்டபோது நாம் ஒரு கணம் திகைத்தோம். வேறு பங்குக்குக் குடிபெயரப் போகிறானோ என்றுகூட எண்ணினோம். பங்குச் சந்தையைப் பற்றியே அவன் கேட்கிறான் என்பது பிறகுதான் விளங்கிற்று.

அவன் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை செய்பவன். உடன் வேலை செய்யும் நால்வர் நான்கு வெவ்வேறு செயலிகளைக் கைப்பேசியில் வைத்திருக்கின்றனர். ஒருவர் “இதில் கமிஷனே இல்லை” என்கிறார். மற்றவர் “அதில் கணக்குத் தொடங்கினால் பரிசுப் பணம் தருகிறார்கள்” என்கிறார். இத்தனைக்கும் நாம் இதைப் பெரிதாக எண்ணியிருக்க மாட்டோம். ஆனால் அடுத்த செவ்வாயன்று, அந்தோணியார் நவநாள் முடிந்தபின், அவனுடைய தாய் தனியே வந்து நின்றார். “சாமி, அவுங்க அப்பாவுக்குக் கொடுத்த பணத்த இவன் கேக்கிறான். கொடுக்கவா, வேண்டாமா?” என்றார்.

அந்தப் பணம் எத்தகையது என்பதை நம் வட்டாரத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்லும் சாலையில் ஆமத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில், பட்டாசு ஆலை விபத்துக்குப் பின் இழப்பீடாக வந்த தொகையைக் கொண்டு வாழும் குடும்பங்கள் ஒன்றிரண்டல்ல. அது ஒரு மனிதனின் உயிருக்கு ஈடாக எண்ணிக் கொடுக்கப்பட்ட பணம்.

குருமடத்தில் நமக்குக் கற்பித்தவை மெய்யியலும் இறையியலும், வாணிபம் அன்று. ஆயினும் கேட்டவருக்குப் பொறுப்பான விடை சொல்ல வேண்டுமே! நம் பங்கைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு இரண்டு வாரம் இதைப் பயின்றோம். அறிந்தவற்றை இத்திங்கள் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் கட்டணம். எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். முன்னாளில் பங்குகள் காகிதப் பத்திரங்களாக இருந்தன; சென்னைப் பங்குச் சந்தையில் இடம்பெற்ற தரகர் வழியாகவே வாங்க முடியும். (அச்சந்தை 2015-ல் மூடுவிழாக் கண்டுவிட்டது.) 1996-ன் வைப்பகச் சட்டத்துக்குப் பின் காகிதம் போய்க் கணினிக் கணக்கு வந்தது. அதையே டீமேட் கணக்கு என்கிறோம். 2000-ஆம் ஆண்டு முதல் இணையத்தின் வழியே வாங்கவும் விற்கவும் வழி பிறந்தது. 2010-ல் பெங்களூரில் தொடங்கிய செரோதா நிறுவனம், 2015-ன் இறுதியில், வாங்கிய பங்கைக் கணக்கில் சேர்த்து வைத்துக்கொள்வோரிடம் தரகே வாங்குவதில்லை என்று அறிவித்தது. பலர் அவ்வழியைப் பின்பற்றினர். சிலர் பின்னர் சிறு தொகை விதிக்கலாயினர்.

பத்தாயிரம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினால் அரசுக்குச் சேரும் பரிவர்த்தனை வரி 10 ரூபாய். முத்திரைக் கட்டணம் 1 ரூபாய் 50 காசு. எந்தத் தரகரிடம் சென்றாலும் இவை மாறுவதில்லை. தரகில்தான் வேறுபாடு. ஒன்றும் வாங்காதவர் உண்டு. ஓர் ஆணைக்கு 20 ரூபாய் வாங்குபவர் உண்டு. நூற்றுக்கு அரை வீதம் 50 ரூபாய் வாங்கும் பழைய முறையினரும் உண்டு. ஆயிரம் ரூபாய்க்கு மட்டும் வாங்கும் எளியவனுக்கு 20 ரூபாய் என்பது நூற்றுக்கு இரண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். விற்கும்போது ஒவ்வொரு நிறுவனப் பங்குக்கும் ஒரு நாளில் தனியே ஒரு கட்டணம் உண்டு. ஒரு பங்கை விற்றாலும் நூறு பங்கை விற்றாலும் அதே தொகை. ஆண்டுக் கட்டணமும் உண்டு. ஆனால் ஒருவர் தம் பெயரில் ஒரே டீமேட் கணக்கு வைத்து, அதிலுள்ளவற்றின் மதிப்பு 4 இலட்சம் ரூபாயைத் தாண்டாதிருந்தால், அடிப்படைச் சேவைக் கணக்கு என்னும் வகையில் ஆண்டுக் கட்டணம் இல்லை. 2024 செப்டம்பர் முதல் வந்த விதி இது. நாலு செயலியில் நாலு கணக்குத் தொடங்கும் நம் இளைஞர்கள் இச்சலுகையை இழந்துவிடுகின்றனர்.

இனி, நமக்கு உறுத்திய கேள்வி: தரகே வாங்காதவர் கடை நடத்துவது எங்ஙனம்? வங்கி அலுவலர் சிரித்துக்கொண்டே விளக்கினார். பங்கை வாங்கிப் பத்தாண்டு பேசாமல் வைத்திருப்பவனால் தரகருக்குப் பெரிய வருவாய் இல்லை. அன்றன்றே வாங்கி விற்பவனாலும், ‘ஃப்யூச்சர்ஸ்’, ‘ஆப்ஷன்’ என்று விலை ஏறுமா இறங்குமா எனப் பந்தயம் கட்டுவது போல் ஆடுபவனாலும்தான் வருவாய். ஒவ்வோர் ஆணைக்கும் கட்டணம் விழுந்துகொண்டே இருக்கும் அல்லவா? அந்த ஆட்டத்தின் முடிவு என்ன? பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் ‘செபி’ 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்றாண்டுகளில் இவ்வணிகத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிமனிதர்களுள் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்தனர். சராசரி நட்டம் ஆளுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் ரூபாய். மொத்தம் 1.8 இலட்சம் கோடிக்கு மேல். ஆகவே ஒரு செயலியைத் திறந்தவுடன் அது நம் முன் எதை நீட்டுகிறது என்று பார்க்க வேண்டும். “இன்று எது ஏறும்?” என்று மணிக்கொரு முறை கைப்பேசியில் மணியடிக்கும் செயலியைவிட, வாய்மூடி இருக்கும் செயலியே நமக்கு உகந்ததாய்த் தோன்றுகிறது. ஆப்ஷன் வணிகத்துக்கான பகுதி கணக்கில் தானாகத் திறவாது. வருமானச் சான்று கொடுத்து நாமே கேட்டால்தான் திறக்கும் என்பது ஓர் ஆறுதல்.

இவையெல்லாம் ஒருபுறம் இருக்க, கட்டணத்தைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. அதைச் சொல்லவே இவ்வளவும் எழுதலானோம்.

விருதுநகர்க் கமிஷன் கடைகளை அறியாதவர் நம்மில் யார்? சம்சாரி தன் வத்தல் மூட்டைகளைக் கடைக்காரரின் கிடங்கில் இறக்கிவிட்டு, ஒரு சீட்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டு ஊர் திரும்புகிறான். விலை ஏறினால் விற்கலாம் என்று காத்திருக்கிறான். மூட்டை அவனுடையது, கிடங்கின் சாவியோ கடைக்காரரிடம். அக்கடைக்காரர், சம்சாரிக்குத் தெரியாமல், அம்மூட்டைகளைத் தம்முடையவை என்று சொல்லி வங்கியில் அடகு வைத்துக் கடன் வாங்கினால் எப்படியிருக்கும்? மதிப்புள்ள கடைக்காரர் எவரும் அப்படிச் செய்யார். ஆனால் பங்குத் தரகில் அது நடந்தது.

ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கார்வி பங்குத் தரகு நிறுவனம் இந்நாட்டில் பெயர்பெற்றிருந்த ஒன்று. கணக்குத் தொடங்கும்போது வாடிக்கையாளர் கையொப்பமிட்டுக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தைப் பயன்படுத்தி, அவர்களுடைய பங்குகளை அது தன் கணக்குக்கு மாற்றி, வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் அடகு வைத்தது. இரண்டாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் அவ்வாறு கடன் திரட்டப்பட்டது. தன் குழுமத்தைச் சேர்ந்த நிலவணிக நிறுவனத்துக்கும் பெருந்தொகை சென்றது. 2019 நவம்பர் 22-ஆம் நாள் ‘செபி’ தடையாணை பிறப்பித்தது. டிசம்பர் 2-ஆம் நாள், 80,000-க்கும் மேற்பட்டவர்களுடைய பங்குகள் வைப்பகத்தின் வழியே அவரவர் கணக்குக்குத் திரும்பின. மற்றவர்கள் காத்திருந்தனர். 2020 நவம்பரில் தேசியப் பங்குச் சந்தை அந்நிறுவனத்தை விலக்கியது. 2023-ல் அதன் உரிமப் பதிவு இரத்தாயிற்று. அந்த வாடிக்கையாளர்களுள் பலர் சூதாடியவர்களல்லர். வாங்கி வைத்துவிட்டுச் சும்மா இருந்தவர்கள். ஆண்டுக்கணக்கில் தம் கணக்கைத் திறந்துகூடப் பாராதவர்கள்.

அதற்குப் பின் விதிகள் இறுகின. நம் பங்குகள் உண்மையில் இருப்பது தரகரிடம் அன்று, என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். என்னும் இரு வைப்பகங்களுள் ஒன்றில், நம் பெயரில். அடகு வைப்பதாயினும் நம் கணக்கிலேயே, நாம் ஒப்புதல் தந்த பின்னரே குறிக்கப்பட வேண்டும் என்று 2020-ல் விதித்தனர். 2022-ல், அந்தப் பரந்த அதிகாரப் பத்திரத்துக்குப் பதிலாக, குறிப்பிட்ட சில காரியங்களுக்கு மட்டுமே இடந்தரும் ஓர் ஒப்புதல் படிவம் வந்தது. அதையும் கொடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. கொடாவிடில், விற்கும்போதெல்லாம் வைப்பகத்தின் இரகசிய எண்ணையும் கைப்பேசிக்கு வரும் எண்ணையும் இட்டு ஒப்புதல் தரலாம். சற்றே தொல்லைதான். ஆனால் சாவி நம் மடியில் இருக்கிறது! நாம் வாங்கும் பங்கு தரகரின் கணக்கில் தங்காமல் நேரே நம் டீமேட் கணக்குக்கு வந்துசேர வேண்டும் என்பது 2025 முதல் நடைமுறையாகிவிட்டது.

எனினும் விதி தானே வந்து காவல் நிற்காது. வைப்பகம் நேரடியாக அனுப்பும் கணக்கறிக்கையைத் தரகரின் செயலி காட்டும் கணக்கோடு ஒப்பிட வேண்டும். இவ்வேலைக்குப் பத்து நிமிடம் போதும். வைப்பகத்தில் பதிந்த கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் நம்முடையவையாகவே இருக்க வேண்டும். கணக்குத் தொடங்கிக் கொடுத்த முகவருடையவை அல்ல. இத்தவற்றை நம் பங்கிலேயே ஒரு முதியவரிடம் கண்டோம். அவருக்கு வர வேண்டிய செய்திகளெல்லாம் எவருக்கோ போய்க்கொண்டிருந்தன. நல்ல வேளையாகப் பணம் ஏதும் போகவில்லை.

போலிகளைப் பற்றியும் ஒரு சொல். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, பெயர்பெற்ற நிறுவனத்தின் சின்னத்தைப் போட்டு, கைப்பேசித் திரையில் இலாபத்தை மட்டும் காட்டி, திருப்பிக் கேட்டால் மறைந்துவிடும் கூட்டங்கள் பெருகியுள்ளன. உண்மையான தரகருக்குச் ‘செபி’யின் பதிவெண் உண்டு, ஆங்கிலத்தில் ஐ, என், இசட் என்னும் மூன்று எழுத்துகளில் தொடங்கும். ‘செபி’யின் தளத்திலேயே அதைத் தேடிச் சரிபார்க்கலாம். தனியாள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்பவர் தரகரே அல்லர். பதிவுபெற்ற தரகர்மேல் குறையிருந்தால், முதலில் அவருக்கே எழுத வேண்டும். தீராவிடில் ‘ஸ்கோர்ஸ்’ என்னும் ‘செபி’யின் முறையீட்டுத் தளத்தில் கட்டணமின்றிப் பதியலாம்.

இவற்றையெல்லாம் தாயையும் மகனையும் ஒருசேர அமர்த்திச் சொன்னோம். எந்தச் செயலி என்று நாம் பெயர் சொல்லவில்லை. அது நம் வேலையன்று. இழப்பீட்டுப் பணத்தைப் பற்றி மட்டும் ஒளிவின்றிச் சொன்னோம்: அம்மாவின் முதுமைக்கும், தங்கையின் படிப்புக்கும் உரிய அதைச் சந்தைக்குக் கொண்டுபோகாதே, எவ்வளவு நேர்மையான தரகரானாலும் பங்கின் விலை இறங்குவதைத் தடுக்க அவரால் இயலாது என்று. மகனுக்கு முகம் வாடிற்று. “ஃபாதர், என் சம்பளத்துல போடலாமா?” என்றான். போடலாம் என்றோம். “எவ்வளவு?” என்றான். “முற்றிலும் போனாலும் வீட்டில் அடுப்பு அணையாத அளவு” என்றோம். தாய் உடனே, “அப்ப மாசம் ஐந்நூறு” என்று தொகையைத் தீர்மானித்துவிட்டார்.

அவருடைய பணம் அஞ்சலகத்தில் இருக்கிறது. சென்ற ஞாயிறன்று மகன் கைப்பேசியைக் காட்டினான். ஒரே கணக்கு. நாமினி என்ற இடத்தில் தாயின் பெயர். அதிகாரப் படிவம் கொடுக்கவில்லை. பரிசுப் பணம் தருவதாகச் சொன்ன செயலியை அவன் எடுக்கவில்லையாம். அவர்களிடம் பேசக் கேட்டுப் பார்த்ததற்கு, மூன்று நாளாகியும் எவரும் அழைக்கவில்லையாம். தேர்ந்தெடுத்த தரகரிடம் ஒரு தொலைபேசி எண் இருந்தது. அழைத்தபோது ஒருவர் எடுத்துத் தமிழிலேயே பேசினாராம்.