ஐம்பது ரூபாய்க் கோபம்

சென்னையில் நாய் வளர்க்க மாநகராட்சி லைசென்ஸ் வேண்டும் என்பது புதிய சட்டமல்ல. ஏட்டில் முன்பே இருந்ததுதான். 2025-ல், லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்த பிறகே பலருக்கு அது ஞாபகம் வந்தது. உடனே கிளம்பிற்று கூக்குரல். "நாய்க்குக்கூட வரியா?" என்றார்கள். "கம்ப்யூட்டரில் விண்ணப்பமாம், போட்டோவாம், சான்றிதழாம். யாருக்கு ஐயா நேரம்?" என்றார்கள். நவம்பர்க் கெடு டிசம்பருக்குப் போயிற்று.

கட்டணம் என்ன தெரியுமோ? வருஷத்துக்கு 50 ரூபாய். பல ஆயிரம் கொடுத்துக் குட்டி வாங்குகிறவர், வீட்டுச் சோறு ஆகாதென்று பையில் அடைத்த தீனி வாங்கிப் போடுகிறவர், இந்த 50 ரூபாய்க்கு அழுகிறார் என்றால் நான் நம்பத் தயாரில்லை. தீபாவளி ரயில் டிக்கெட்டைக் கைபேசியில் காத்திருந்து பிடிக்கிற விரல்களுக்கு இந்த விண்ணப்பம் மட்டும் மலையாகி விடுமா?

உறுத்துவது அந்தத் தாளில் எழுத வேண்டிய பெயர்தான். இந்த நாய் என்னுடையது, இது செய்வதற்கெல்லாம் நான் ஜவாப்தாரி என்று எழுத்தில் கொடுத்தாக வேண்டும். மடியில் வைத்துக் கொஞ்சும்போது அது 'எங்கள் வீட்டுப் பிள்ளை'. எதிர்வீட்டுக் குழந்தையைக் கடித்துவிட்டால், 'வாயில்லா ஜீவன், அதற்கென்ன தெரியும்?' வயதாகிச் சொறி பிடித்துவிட்டால், ராத்திரியோடு ராத்திரியாகப் பாலத்தடியில் இறக்கிவிட்டால் போயிற்று. விடிந்ததும் அது தெரு நாய்! 2024 மே மாதம் நுங்கம்பாக்கத்துப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அப்போது மட்டும் லைசென்ஸ் விண்ணப்பங்கள் குவிந்தன.

விண்ணப்பத்தோடு கேட்பது வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றிதழ். அந்த நோயின் குறி தோன்றிய பின் மனிதன் பிழைப்பது அநேகமாகக் கிடையாது. அதைக் கேட்பதா தொல்லை?

கைபேசி பழகாத கிழவி ஒருத்தி நாய் வளர்த்தால், மண்டல அலுவலகத்தில் ஒருவரை உட்கார வைத்து அவளுக்கு மனு எழுதிக் கொடுக்கட்டும். நியாயம். ஆனால் கூச்சல் போடுவது அவள் அல்லவே!

மாநகராட்சிக்கும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 37 பென்ஸ் நாய் லைசென்ஸைப் பாதிப் பேர் மதிக்கவில்லை. வரவைவிட வசூல் செலவு அதிகம் என்று 1987-ல் அதை எடுத்துவிட்டார்கள். 2016-ல் மைக்ரோசிப் கட்டாயம் என்று வேறு வழியாகத் திரும்பி வந்தார்கள். இங்கேயும் இப்போது சிப் பொருத்தச் சொல்கிறார்கள். பொருத்தட்டும். பாலத்தடியில் கிடக்கும் நாயின் கழுத்தில் கருவியை வைத்துப் பார்த்து, அந்த எண்ணுக்குரியவர் வீட்டு மணியை அடிக்க ஓர் ஆளையும் அனுப்பட்டும்.